லாரி அச்சில் டிரெய்லர் கட்டிய ஏழு மாதங்கள்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரத்தில் முடியும் என்று தொடங்கிய வேலை ஏழு மாதம் இழுத்தது. அதே அளவு சுமை தாங்கும் புதிய டிரெய்லரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று நினைத்திருந்தேன். கடைசியில் முக்கால் பங்கைத் தொட்டது. வாங்கிவிட்டுப் பயன்படுத்த முடியாமல் போட்டுவைத்திருக்கும் பொருட்களையும் சேர்த்தால், கடையில் புதிதாக ஒன்றை வாங்கியிருக்கக்கூடிய பணத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. இதில் நான் செய்த எந்தத் தவறும் புதிது அல்ல. இந்த வேலை தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்து பேசியிருந்தால் பாதித் தவறுகளைத் தவிர்த்திருப்பேன். அப்படி ஒருவரும் எனக்கு வாய்க்கவில்லை. அந்த அரை மணி நேரப் பேச்சாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல், மணல், விறகு, வெட்டிய மரக்கிளைகள் என்று எப்போதும் எதையாவது ஏற்றி இறக்க வேண்டிய வேலை எனக்கு. என் பிக்கப் வண்டியின் பின்பெட்டி போதவில்லை. வெல்டிங் ஓரளவு தெரியும். கிரைண்டரும் வெல்டிங் இயந்திரமும் சொந்தமாக இருந்தன. பழைய இரும்புக் கடை ஒன்றில் பிரித்துப் போட்ட நடுத்தர லாரியின் முன்னச்சும் பின்னச்சும் சக்கரங்களோடும் ஸ்பிரிங்குகளோடும் கிடந்ததைப் பார்த்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. லாரியையே தாங்கிய அச்சு. என் மணல் மூட்டைகள் அதற்கு எம்மாத்திரம் என்று தோன்றியது. இரண்டையும் வைத்து இரட்டை அச்சு டிரெய்லர் கட்டிவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். அந்த ஒரு எண்ணம்தான், 'பலமானது என்றால் பொருத்தமானது' என்ற எண்ணம்தான், பின்னால் நான் பட்ட எல்லாப் பாட்டுக்கும் வேர்.

அச்சுகளின் விலை உண்மையிலேயே குறைவு. ஆனால் அவற்றைத் தூக்கி ஏற்ற கிரேன் வண்டி வேண்டியிருந்தது, கொண்டுவர வாடகை லாரி வேண்டியிருந்தது, இறக்க மறுபடியும் ஆளும் சங்கிலிக் கப்பியும் வேண்டியிருந்தன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அது அப்படியே நடந்தது. வீட்டில் இறக்கிய பிறகுதான் அந்தப் பின்னச்சைத் தனி ஆளாக ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாது என்பது உறைத்தது. இந்த வேலைக்கு இறங்குகிறவர்கள் அச்சை வாங்குவதற்கு முன்பே அதைத் தூக்கவும் திருப்பவும் என்ன வைத்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கி மட்டும் போதாது. அச்சைத் தாங்கி நிற்கும் உறுதியான ஸ்டாண்டுகள் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

அதே கடையில் இன்னொரு பின்னச்சும் இருந்தது. அதன் சக்கரங்கள் சுற்றவே இல்லை. காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக் உள்ள லாரியின் அச்சு அது. அந்த வகை லாரிகளில் பின்சக்கர பிரேக்கை இயக்கும் சேம்பர் என்ற மூடிய கூட்டுக்குள் மிகப் பலமான ஸ்பிரிங் ஒன்று அழுத்தப்பட்ட நிலையில் இருக்கும்; காற்று இல்லாதபோது அதுதான் பிரேக்கைப் பிடித்து வைத்திருக்கும். அந்த சேம்பரின் வளையத்தை விவரம் தெரியாமல் கழற்றினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பி ஆளைக் கொன்றுவிடும். அதை அடக்கிப் பூட்டுவதற்கென்றே தனி போல்ட் உண்டு. அதைப் போட்டுப் பூட்டத் தெரியாதவர்கள் அந்த சேம்பரைத் தொடவே கூடாது. நான் வாங்கியது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் உள்ள லாரியின் அச்சு. அறிந்து தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். சக்கரம் சுற்றியதால் அதை எடுத்தேன், அவ்வளவுதான்.

முதல் இரண்டு மாதம் முழுக்கப் பின்னச்சோடு போனது. லாரியின் பின்னச்சு வெறும் தண்டு அல்ல. நடுவில் சக்கரங்களைச் சுழற்றும் கிரவுன், பினியன் என்ற பற்சக்கரங்கள் அடங்கிய பெரிய உருண்டை இருக்கிறது. உள்ளே எண்ணெய் இருக்கிறது. டிரெய்லரில் அப்படியே மாட்டினால் ஒவ்வொரு முறையும் அந்தப் பற்சக்கரங்களையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போக வேண்டும். எனவே உள்ளே இருப்பதைக் கழற்ற முனைந்தேன். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனரக லாரிகளில் பெரும்பாலும் ஹப் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) தன் சொந்த பேரிங்குகளில் அச்சுக்குழாயின் மேலேயே அமர்ந்திருக்கும். என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் உள்தண்டை உருவி எடுத்தாலும் சக்கரம் இடத்தைவிட்டு அசையாது. சிறிய வண்டிகள் பலவற்றில் அப்படி இல்லை. சக்கரத்தைப் பிடித்திருப்பதே அந்த உள்தண்டுதான். அதை உருவினால் சக்கரமும் கூடவே வந்துவிடும். எனக்குக் கிடைத்தது முதல் வகை. தண்டுகளை உருவி, கிரவுனை இறக்கி, பினியன் இருந்த துளையை மூடி, ஹப்பின் வெளிவாயில்களுக்குத் தகடு வெட்டி மூடினேன். எழுதும்போது ஒரு வரி; செய்ததோ ஐந்து வார இறுதிகள். துரு பிடித்த போல்ட் ஒவ்வொன்றும் ஒரு மாலைப் பொழுதைத் தின்றது.

சக்கர நட்டுகளில் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். வலப்புறச் சக்கரத்தின் நட்டுகள் சிரமத்தோடு கழன்றன. இடப்புறம் அசையவில்லை. ஸ்பானரில் நீளமான குழாயைச் செருகி முழு உடல் எடையையும் போட்டு மிதித்தேன். நட்டு ஏறும் மரைத்தண்டுகளான ஸ்டட்களில் இரண்டு முறிந்தன. மறுநாள் வெளிச்சத்தில் துருவைச் சுரண்டிப் பார்த்தபோதுதான் ஸ்டட் முனையில் இடமரையைக் குறிக்கும் எழுத்து தெரிந்தது. பழைய லாரிகள் பலவற்றில் இடப்புறச் சக்கரத்துக்கு இடமரை இருக்கும். கழற்ற எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். ஒரு மாலை முழுக்க நான் அவற்றை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு வந்த ஆத்திரமும் அழுகையும் இன்றும் நினைவிருக்கிறது. கம்பித் தூரிகையால் ஒரு நிமிடம் தேய்த்துப் பார்த்திருந்தால் போதும்.

ரிம்கள் பூட்டு வளையம் உள்ள பழைய வகை. காற்று நிரப்பும்போது அந்த வளையம் சரியாக அமராவிட்டால் தெறித்து எழும். அருகில் நிற்பவர் பிழைப்பது அரிது. இந்த ஒரு வேலையை மட்டும் நானே செய்யவில்லை. இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்று நிரப்பும் டயர் கடையில் கொடுத்துச் செய்தேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. 3209 என்றால் 2009ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். மேல்பூ நன்றாக இருந்தாலும் பக்கச்சுவரில் நுண்வெடிப்பு ஓடியிருந்தால் அந்த டயர் முடிந்துவிட்டது. எனக்கு வந்த டயர்கள் அனைத்தும் அப்படித்தான் இருந்தன. அச்சோடு சக்கரமும் சேர்த்துக் கிடைக்கிறது என்று கணக்குப் போடுகிறவர்கள் டயருக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பின்னச்சு வேலை முடிகிற தறுவாயில்தான் எடை மேடைக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. அதுவும் தற்செயல், கழித்த இரும்பை விற்கப் போன இடத்தில் எடை மேடை இருந்தது. மறுநாள் இரண்டு அச்சுகளையும் கொண்டுபோய் எடை போட்டேன். உள்ளே இருந்ததைக் கழற்றிய பிறகும் பின்னச்சு, சக்கரமும் ஸ்பிரிங்கும் சேர்த்து 480 கிலோ. முன்னச்சு 310 கிலோ. டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்கும் தளத்துக்கும் நான் போட்டிருந்த கணக்கு ஏறக்குறைய 450 கிலோ. ஆக, ஒரு செங்கல்கூட ஏற்றாமலேயே டிரெய்லர் 1,240 கிலோ. என் பிக்கப் வண்டியின் கையேட்டில், பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 1,800 கிலோ வரை இழுக்கலாம் என்று இருந்தது. மிஞ்சுவது 560 கிலோ. அவ்வளவு பாரத்தை இரண்டு நடையாக என் வண்டியின் பின்பெட்டியிலேயே கொண்டுபோய்விடலாம். எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாத உழைப்பு அந்தச் சீட்டில் முடிந்துபோயிருந்தது.

இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். உங்கள் வண்டி இழுக்கக்கூடிய மொத்த எடை எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஓர் அளவும் பிரேக் உள்ளதற்கு வேறோர் அளவும் கொடுத்திருப்பார்கள். அதிலிருந்து நீங்கள் ஏற்ற விரும்பும் சுமையைக் கழியுங்கள். மிஞ்சுகிற எடைக்குள் அச்சு, சக்கரம், ஸ்பிரிங், சட்டம், தளம், வண்டியோடு மாட்டும் இணைப்பு எல்லாம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அந்த அச்சு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கானது அல்ல. லாரியின் அச்சு லாரிக்காகச் செய்யப்பட்டது. அதன் கனமும் ஸ்பிரிங்கின் விறைப்பும் டயரின் உயரமும் லாரியின் சுமையை மனத்தில் வைத்து அமைந்தவை. அச்சை மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வர முடியாது.

பின்னச்சைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, முன்னச்சை மட்டும் வைத்து ஒற்றை அச்சு டிரெய்லர் கட்டுவது என்று முடிவு செய்தேன். முன்னச்சில் எண்ணெயும் இல்லை, பற்சக்கரமும் இல்லை. ஆனால் அதன் சக்கரங்கள் திரும்பும். அதைத் திரும்பாமல் பூட்ட வேண்டும். இரு சக்கரங்களையும் டை ராடு ஒன்று இணைக்கிறது அல்லவா, அதை நடுவில் ஒரு பட்டையால் அச்சோடு பிடித்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். முற்றத்தில் கையால் தள்ளிப் பார்த்தபோதே சக்கரங்கள் படபடவென்று ஆடின. சக்கரங்கள் இடவலமாகத் திரும்பத் தாங்கும் கிங் பின்கள் தேய்ந்திருந்தன. டை ராடின் முனைகளிலும் ஆட்டம் இருந்தது. கிங் பின்னையும் புஷ்ஷையும் மாற்றினேன். டை ராடைக் கழற்றிவிட்டு, சக்கரத்தோடு திரும்பும் நக்கிள் ஒவ்வொன்றிலிருந்தும் ஸ்பிரிங் இருக்கைக்கு அடியில், ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட்டோடு சேர்த்துப் பிடித்த தடிமனான தகட்டுக்குத் தனித்தனியாக ஒரு தண்டு கொடுத்தேன். இரு தண்டுகளின் நீளத்தையும் மரையில் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். அதனால் ஒரு நன்மையும் கிடைத்தது: சக்கரங்கள் முன்புறம் ஒன்றையொன்று நோக்கி 2 மில்லிமீட்டர் அளவு சாய்ந்திருக்கும்படி துல்லியமாக வைக்க முடிந்தது. முன்னச்சின் குறுக்குத் தண்டு அடித்து உருவாக்கிய கெட்டியான எஃகு. அதன்மேல் வெல்டிங் வைக்காதீர்கள். உரிய சூடேற்றம் இல்லாமல் வைத்தால் அந்த இடம் நொறுங்கும் தன்மை அடையும். வெடிப்பு அங்கேதான் தொடங்கும். பிடிப்பது எதுவானாலும் போல்ட்டால் பிடியுங்கள்.

பழைய பிரேக் ஷூக்களைக் கழற்றும்போது டிரம்முக்குள் கருந்தூசி நிறைய இருந்தது. ஷூவின் உராயும் பட்டைகளான லைனிங்குகள் பழையவை என்றால் அவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். காற்று அடித்து ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, முகமூடி அணிந்து அப்புறப்படுத்துங்கள். முதல் டிரம்மை நான் ஊதித்தான் சுத்தம் செய்தேன். பிறகு தெரிந்துகொண்டபோது வயிறு கலங்கியது.

ஸ்பிரிங் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பட்டைகள். வெறும் டிரெய்லரில் அவை அசையவே அசையாது. சிறு கல்லில் ஏறினாலும் சக்கரம் தரையைவிட்டுத் துள்ளும். துள்ளுகிற சக்கரத்தில் பிரேக்கும் பிடிக்காது. நான்கு பட்டைகளை எடுத்துவிட்டு, முதன்மைப் பட்டையையும் அதன் முனை வளையமான கண்ணைச் சுற்றி வரும் இரண்டாவதையும் தொடாமல், நீளம் படிப்படியாகக் குறையும்படி மூன்றை மட்டும் கீழே விட்டேன். நடு போல்ட்டைக் கழற்றும் முன் இரு புறமும் வலுவான கிளாம்ப் போட்டு அடக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பட்டைகள் விரிந்து கையை அடிக்கும். பட்டையைச் சூடாக்கி வளைப்பதோ துளையிடுவதோ வேண்டாம்; பதம் போய்விடும். யூ போல்ட்டுகளைப் புதிதாக வாங்குங்கள். ஒருமுறை இழுத்து இறுக்கியவை நீண்டிருக்கும். மறுபடி அதே பிடிப்பைத் தராது. புதியவற்றையும் முதல் சுமை ஏற்றி ஓட்டிய பிறகு மீண்டும் இறுக்க வேண்டும். எனக்கு அரைச் சுற்றுக்கும் மேல் இறங்கியது.

சட்டம் கட்டியது எனக்குப் பிடித்த வேலை. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லா மூட்டுகளையும் முதலில் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தி, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்று அளந்து, பிறகே முழு வெல்டிங் வைத்தேன். இழுவைத் தண்டை ஒற்றைக் கம்பமாக வைக்காமல், முக்கோணமாக இரு 'ப' வடிவ இரும்புச் சானல்களைச் சட்டத்துக்கு அடியில் வெகுதூரம் பின்னே கொண்டுபோய்ப் பிணைத்தேன். தண்டு சட்டத்தைச் சந்திக்கும் இடத்தில் சானலின் கீழ்விளிம்பைக் குறுக்கே வெட்டுவதுபோல வெல்டிங் கோடு போடக் கூடாது. அதிகம் வளைய நேரும் இடம் அது. முறிவு அந்தக் கோட்டின் வழியாகத்தான் ஓடும். லாரி டயரின் உயரத்தால் தளம் என் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. டிரெய்லர் சமமட்டமாக நிற்பதற்கு இழுவைத் தண்டைக் கீழே இறக்கி அமைக்க வேண்டியிருந்தது. இன்றும் மண் ஏற்றும்போதெல்லாம் அந்த உயரம் தோளில் தெரிகிறது. இதற்கு வழி எதுவும் இல்லை; பெரிய சக்கரம் என்றால் உயரமான தளம்.

பிழை எங்கே நடந்தது என்றால், அச்சை வைத்த இடத்தில். தளம் 3 மீட்டர். சரி நடுவில், 1.5 மீட்டரில், அச்சை வைத்தேன். பார்வைக்கு அழகாக இருந்தது. பெயின்ட் அடித்து, விளக்குகள் மாட்டி, மணல் மூட்டைகளை ஏற்றி வெறிச்சோடிய நேராகக் கிடந்த சாலையில் கொண்டுபோனேன். 50 கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றும் தெரியவில்லை. 65ஐத் தொட்டபோது கண்ணாடியில் டிரெய்லர் மெல்ல இடமும் வலமும் ஆடுவது தெரிந்தது. அடுத்த சில நொடிகளில் அந்த ஆட்டம் என் வண்டியின் பின்புறத்தையே பிடித்து உலுக்கியது. கை கால் நடுங்கிவிட்டது. பிரேக்கை மிதிக்கத்தான் கால் போனது. மிதிக்காமல் விட்டதால்தான் தப்பினேன். அப்படி ஆடும்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள், வேகம் கூட்டியும் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தால் வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கும். ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நின்றபோது முழங்கால்களில் பலமே இல்லை.

காரணம் எளிமையானது. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் தெரியும். பின்பாரமான வண்டி மாட்டின் கழுத்தைத் தூக்கும். டிரெய்லரிலும் அதேதான். மொத்த எடையில் ஒரு பகுதி எப்போதும் முன்னால் இணைப்பின்மீது அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். நான் 10 சதவீதத்தை இலக்காக வைத்துக்கொண்டேன். அதே நேரத்தில் இழுக்கும் வண்டியின் இணைப்புக்குக் கையேட்டில் சொல்லியிருக்கும் உச்ச அளவையும் தாண்டக் கூடாது. அன்று என் டிரெய்லரின் முன்பாரத்தை அளந்தபோது 20 கிலோகூட இல்லை. அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் ஆளின் எடை பார்க்கும் கருவி போதும். எடை அதன் அளவுக்கு மிஞ்சும் என்றால் ஒரு பலகையின் ஒரு முனையைக் கருவியின்மீதும் மறுமுனையை அதே உயரமுள்ள கட்டையின்மீதும் வைத்து, கட்டையிலிருந்து பலகையின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இழுவைத் தண்டை இறக்குங்கள். கருவி காட்டுவதை மூன்றால் பெருக்கினால் முன்பாரம் கிடைத்துவிடும். இந்தச் சோதனையை சாலைக்குப் போகும் முன் முற்றத்தில் செய்ய ஐந்து நிமிடம் ஆகும்.

அச்சைத் தளத்தின் முன்விளிம்பிலிருந்து 1.8 மீட்டருக்கு, அதாவது ஐந்தில் மூன்று பங்கு தூரத்துக்கு, பின்தள்ள வேண்டியிருந்தது. ஸ்பிரிங் பிராக்கெட்டுகள் நான்கையும் அறுத்தெடுத்து மறுபடி வைத்தேன். இந்த முறை அச்சு நேராக இருக்கிறதா என்று இணைப்பின் மையத்திலிருந்து இரு சக்கர ஹப்புகளுக்கும் நாடா பிடித்து அளந்தேன். முன்பு வைத்திருந்ததை அளந்தபோது இரு பக்கத்துக்கும் 11 மில்லிமீட்டர் வித்தியாசம். டிரெய்லர் நண்டுபோல ஒருபக்கமாக நடந்ததற்கு அதுவே காரணம். இப்போது 2 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தேன்.

இந்த மறுவேலையில்தான் நான் இன்றும் வருந்துகிற அந்தத் தவறு நடந்தது. சட்டம் முழுக்கப் பெயின்ட் அடித்தாயிற்று. வெல்டிங் கரண்ட் இயந்திரத்துக்குத் திரும்பும் எர்த் கிளிப்பை மாட்ட வெறும் இரும்பு வேண்டும். புதுப் பெயின்டைச் சுரண்ட மனம் வராமல், சக்கர ஸ்டட்டில் மாட்டினேன். பளபளவென்று இருந்தது, கிளிப் நன்றாகப் பிடித்தது. நான்கு பிராக்கெட்டுகளையும் அப்படியே வைத்து முடித்தேன். அதற்கு மூன்று வாரம் முன்புதான் நான்கு பேரிங்குகளையும் வளையங்களோடு புதிதாக மாற்றியிருந்தேன்.

அடுத்த ஓட்டத்தில் ஆட்டம் துளியும் இல்லை. மகிழ்ச்சியில் 40 கிலோமீட்டர் போனேன். திரும்பும் வழியில் உறுமல் சத்தம் கேட்டது. இறங்கி ஹப்பின்மீது கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் புதுப் பேரிங்கின் உருளைகளில் சாம்பல் நிறத்தில் பொடிப் பொடியான குழிகள். மலிவான பேரிங் வாங்கிவிட்டேன் என்று நினைத்து வேறொரு செட் வாங்கவே கிளம்பிவிட்டேன். உதிரிப்பாகக் கடையில் வரிசையில் நின்ற முதியவர் ஒருவர், லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், என் கையிலிருந்ததை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது ஓடிக் கெட்ட பேரிங் இல்லை. இதற்குள் கரண்ட் பாய்ந்திருக்கிறது. வெல்டிங் வைக்கும்போது எர்த்தை எங்கே மாட்டினீர்கள்?”

“சக்கர ஸ்டட்டில் ஐயா.”

“அப்படியானால் வெல்டிங் இயந்திரத்தின் மொத்தக் கரண்டும் இந்த உருளைகள் வழியாகத்தானே போயிருக்கும்? உருளை வளையத்தைத் தொடும் இடத்திலெல்லாம் பொறி பறந்திருக்கும். அடுத்த பக்கத்தையும் கழற்றிப் பாருங்கள். அங்கே நன்றாக இருக்கும்.”

கழற்றிப் பார்த்தேன். அவர் சொன்னதுபோலவே அந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை. எர்த் கிளிப்பை எப்போதும் வெல்டிங் வைக்கும் துண்டிலேயே, வைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். பெயின்ட் போனால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். புதிய பேரிங்கை மாட்டும் முறையையும் அவர்தான் திருத்தினார்: ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி உருளைகளை அமரவைத்து, பிறகு நட்டை முழுக்கத் தளர்த்தி, விரல்பலத்தில் மட்டும் மறுபடி இறுக்கி, நட்டைப் பூட்டும் காட்டர் பின்னைச் செருகத் துளை சேராவிட்டால் தளர்த்தும் பக்கம்தான் நகர்த்த வேண்டும். நான் அதுவரை ஸ்பானரால் இறுக்கி அப்படியே விட்டுக்கொண்டிருந்தேன். கையால் தொட்டால் உணரமுடியாத அளவு நுண்ணிய இடைவெளி இருக்கவேண்டும் என்றார். புது ஓட்டத்தில் முதல் 10 கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு 50இல் ஒருமுறை ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

பிரேக் கடைசியாக வந்தது. முதலிலேயே யோசித்திருக்க வேண்டியது. பல நாடுகளில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். முன்வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுதலையே எண்ணெய் அழுத்தமாக மாற்றி பிரேக் பிடிக்கும் இணைப்பு ஒன்றை வாங்கி மாட்டினேன். பிரேக் பிடிக்கவே இல்லை. எண்ணெய்க் குழாயிலிருந்து எத்தனை முறை காற்று நீக்கினாலும் அதேதான். லாரி டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள் பெரியவை. சிறு டிரெய்லருக்கான அந்த இணைப்பின் மாஸ்டர் சிலிண்டர் ஒரு தள்ளலில் தரும் எண்ணெய் அவற்றை நிரப்பப் போதவில்லை. பெரிய அளவில் இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. முதலாவதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அச்சின் வீல் சிலிண்டர் விட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு போய்க் கேட்டு வாங்குங்கள். பின்னோக்கித் தள்ளும்போதும் இந்தவகை பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்; அதை நிறுத்திவைக்கும் வசதி உள்ளதா என்றும் பாருங்கள்.

விளக்கு வயரிங்கில் ஒன்றே ஒன்று: எர்த்துக்கு இணைப்பின் இரும்பை நம்பாமல் தனி வயர் ஓட்டுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளை இழுவைத் தண்டுக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். இணைப்பு கழன்றால் தண்டு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் தங்கும். பதிவும் ஆய்வும் எங்கும் ஒரே மாதிரி இல்லை. உங்கள் இடத்தின் விதியை முதல் இரும்பை வெட்டுவதற்கு முன்பே கேளுங்கள். பழைய அச்சு வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆய்வில் என்னிடம் முதலில் கேட்டது அந்த ரசீதைத்தான். வெல்டிங் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்துவைத்திருந்த படங்களும் உதவின.

இப்போது டிரெய்லர் வெறுமையாக 735 கிலோ. ஆயிரம் கிலோ ஏற்றுகிறேன். ஆடுவதில்லை, ஒருபக்கம் நடப்பதில்லை, ஹப்புகள் சூடாவதில்லை. நானே கட்டியது என்ற நிறைவு ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. பின்னச்சு இன்னும் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடக்கிறது. சென்ற மாதம் ஓர் இளைஞர் வந்து பார்த்து, டிரெய்லர் கட்ட வேண்டும், விலை சொல்லுங்கள் என்றார். உங்கள் வண்டி எவ்வளவு இழுக்கும் என்று கேட்டேன். தெரியவில்லை அண்ணா என்றார். எடைச் சீட்டை எடுத்துக் கையில் கொடுத்து, கையேட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்தார். அவர் வண்டிக்கு 1,100 கிலோதான். பின்னச்சைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. என் டிரெய்லருக்கு அடியில் குனிந்து, அச்சு தளத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்று நாடா வைத்து அளந்து எழுதிக்கொண்டு போனார்.